மூன்று மாதத்தில் சூப்பர் ஹீரோ உடம்பு வருமா?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 26. பர்கூர் பக்கம் கிராமம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், உலோகத்தை உலையில் சூடாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். உயரம் 172 செ.மீ., எடை 61 கிலோ. சின்ன வயதிலிருந்தே சூப்பர் ஹீரோ படங்கள் என்றால் உயிர். ஒவ்வொரு படம் பார்த்துவிட்டு வரும்போதும் என் உடம்பு எனக்கே சின்னதாகத் தெரிகிறது. அண்ணன் கல்யாணம் மூன்று மாதத்தில் வருகிறது. அதற்குள் உடம்பை ஏற்ற வேண்டும் என்று மூன்று வாரமாக ஜிம் போகிறேன். மாஸ்டர் களியையும் சோற்றையும் நிறுத்தச் சொல்கிறார். எடை ஏற்றும் பவுடர் என்று ஒரு டப்பா மாஸ் கெய்னர் வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் ‘கோர்ஸ்’ ஊசி போட்டால் சீக்கிரம் ஏறும், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் தண்ணீரையும் உப்பையும் நிறுத்தினால் கட்டிங் தெரியும் என்கிறார். தினம் ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கவும் சொன்னார். வீட்டு போர் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். நாலு மாதமாக இடுப்பு வலி இருக்கிறது. காலையில் எழுந்தால் விறைப்பு, நடமாடினால் குறைகிறது. என் முன்பற்களிலும் தங்கை பற்களிலும் பழுப்புக் கோடுகள் உண்டு. இது சத்துக் குறைவா? அம்மா ஊசி வேண்டாம் என்று அழுகிறார். கல்யாணம் முடிந்ததும் நண்பர்களோடு பைக்கில் ஒகேனக்கல் போகத் திட்டம். என்ன செய்யலாம்?

ஆலோசனை:

தம்பி, ஊசி விஷயத்தில் அம்மா சொல்வதுதான் சரி. அதை விளக்கமாகக் கீழே எழுதுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது ஊசி இல்லை. நாலு மாத இடுப்பு வலி, காலை விறைப்பு, பல்லில் பழுப்புக் கோடு, போர் தண்ணீர் ஐந்து லிட்டர். இந்த நான்கையும் பார்த்துவிட்டுத்தான் எடை தூக்குவதைப் பற்றிப் பேச முடியும்.

வலி நாலு மாதம், ஜிம் மூன்று வாரம். ஆகவே ஜிம் இதைத் தொடங்கி வைக்கவில்லை. தினமும் மூன்று மணி நேரப் பஸ் பயணம் ஒரு காரணமாக இருக்கலாம். உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு விநாடிக்கு 4 முதல் 6 தடவை வரும் குலுக்கலில் கூடுதலாக ஆடும். ஓடுகிற பஸ்ஸின் இருக்கை தருவதும் ஏறக்குறைய அந்தக் குலுக்கல்தான். பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள வரிசைகளில் இது மிக அதிகம். நடு வரிசையில் இடம் பிடியுங்கள். ஒரு கைத்துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் வையுங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது முன் இருக்கையில் தலை கவிழ்த்துத் தூங்காமல், பின்னால் சாய்ந்து கழுத்துக்கு ஒரு துண்டு கொடுத்துத் தூங்குங்கள்.

ஆனால் பஸ்ஸின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. உழைப்பாலும் உட்காருவதாலும் வரும் வலி பொதுவாக ஓய்வில் குறையும், வேலையில் கூடும். உங்களுக்கு நேர்மாறாக, எழுந்ததும் விறைப்பு இருந்து நடந்தால் விடுகிறது. விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் விட்டுவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. அரை மணி நேரத்தைத் தாண்டினால், தூக்கத்தின் பின்பாதியில் வலி எழுப்பிவிட்டால், ஒரு நாள் இடது பிட்டம், ஒரு நாள் வலது பிட்டம் என்று மாறி மாறி வலித்தால், அது முதுகெலும்பு மூட்டுகளில் வரும் வாத அழற்சியாக இருக்கலாம். அன்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்பது அந்த வகையில் ஒன்று. இது இளம் வயதில் தொடங்குகிற நோய், ஆண்களிடம் அதிகம் கண்டுபிடிக்கப்படுவது. ‘ஜிம் வலி, பஸ் வலி’ என்று பல வருடம் தள்ளிப்போட்டுப் பிறகு தெரிய வருவதுதான் இதில் நடக்கும் கொடுமை. சீக்கிரம் பிடித்தால் நல்ல மருந்துகள் உள்ளன.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவில் இந்த விவரங்களை அப்படியே சொல்லுங்கள். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை, இடுப்பெலும்பு எக்ஸ்ரே ஆகியவை முதலில் போதும். தேவைப்பட்டால் இந்த நோயோடு தொடர்புள்ள மரபணுவைப் பார்க்கும் எச்.எல்.ஏ. பி27 பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் எழுதுவார்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கக்கூடும். விறைப்பு தொடரும்போது, ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற ஒரு வார்த்தையோடு திரும்பி வந்துவிடாதீர்கள். கண் சிவந்து வலித்து வெளிச்சம் பார்க்கக் கூசியது எப்போதாவது உண்டா? உண்டென்றால் அதையும் சொல்லுங்கள். இந்த நோயோடு சேர்ந்து வருவது அது. சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அடுத்தது தண்ணீர். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் பல இடங்களில் ஃப்ளோரைடு மிகுதி. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது; 2013-ல் காவிரித் தண்ணீர் ஊர்களுக்கு வரத் தொடங்கியது. பல்லில் அந்தப் பழுப்புக் கோடுகள் சத்துக் குறைவால் வருபவை அல்ல. பால் பல்லுக்குப் பின் வரும் பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், மிகுதியான ஃப்ளோரைடு உடம்பில் சேர்ந்தால் விழும் அடையாளம். தேய்த்தால் போகாது. உங்களுக்கும் தங்கைக்கும் இருப்பதால், சிறுவயதில் நீங்கள் குடித்த தண்ணீரில் அது மிகுதியாக இருந்திருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது. பல் மருத்துவர் பார்த்தால் உறுதியாகச் சொல்லிவிடுவார்.

குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் போரில் 2 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக இரண்டரை லிட்டர் குடிப்பவருக்கு 5 மில்லிகிராம் உள்ளே போகும். மாஸ்டர் சொன்னபடி ஐந்து லிட்டர் குடித்தால் அது 10 ஆகிவிடும். எல்லா வழியாகவும் சேர்த்து நாளொன்றுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் ஆண்டுக்கணக்கில் போனால் எலும்பு பாதிக்கும் சாத்தியம் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. முதுகும் மூட்டும் விறைப்பது, ஃப்ளோரைடு மிகுந்து எலும்பு கெடும் நோயான எலும்பு ஃப்ளோரோசிஸின் தொடக்க அறிகுறிகளில் உண்டு. 26 வயதில் முற்றிய நிலை இருக்காது. ஆனாலும் மருத்துவரிடம் ‘நான் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவன்’ என்ற விவரத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளியூரில் படித்து வந்த மருத்துவராக இருந்தால் இதைக் கேட்காமல் விட்டுவிட வாய்ப்பு உண்டு.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே போர் தண்ணீரில் மூன்று தடவை அலசி, நிரப்பி, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் அளவு தவறலாம். முடிவு வரும்வரை குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒகேனக்கல் தண்ணீரை மட்டும் பிடித்து வையுங்கள். ‘சமைப்பதற்கும்’ என்பதை அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். களி கிண்டும் தண்ணீரும் கொள்ளு வேக வைக்கும் தண்ணீரும் முழுக்க வயிற்றுக்குள்தான் போகின்றன. காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். மெழுகுவர்த்தி வடிவில் உள்ள சாதாரண கேண்டில் வடிகட்டி இதைப் பிடிக்காது, ஆர்.ஓ. பிடிக்கும். குளிக்க, துவைக்க, மாட்டுக்கொட்டகை கழுவ போர் தண்ணீர் போதும்.

எவ்வளவு குடிப்பது? உலைப் பக்கம் வேலை செய்பவருக்கு ஒரே அளவு சொல்ல முடியாது. ஷிப்டுக்கு முன்பும் பின்பும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், இடையில் குடித்தது போக இன்னும் ஒரு லிட்டர் குறைவாகக் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள். வெறும் தண்ணீரை மட்டும் மடக் மடக்கென்று ஊற்றிக்கொள்ளாமல் உப்பு போட்ட மோர், நீராகாரம் இரண்டு வேளை சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியான அளவு.

இதைச் சொல்லும்போதே அந்த ‘இரண்டு நாள் தண்ணீர், உப்பு நிறுத்தம்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். தோலுக்கடியில் இருக்கும் நீர் குறைந்தால் தசைக்கோடு சில மணி நேரம் தெளிவாகத் தெரியும் என்பது உண்மைதான். ஹாலிவுட்டில் சட்டையில்லாத காட்சிக்கு முன்பு இப்படிச் செய்வதுண்டு; வோல்வரினாக நடித்த ஹ்யூ ஜாக்மேன், தான் தண்ணீரை நிறுத்தியதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அது கண்காணிப்போடு, ஒரு காட்சிக்காக, குளிரூட்டிய அரங்கில் நடப்பது. நீங்கள் கல்யாண வீட்டில் பந்தல்கால் ஊன்றி, வெயிலில் அலைந்து, இரவு முழுக்க விழித்திருப்பவர். ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் தடுமாறினால் கெண்டைக்கால் பிடிப்பில் தொடங்கி, மயக்கம், இதயத் துடிப்புக் கோளாறு வரை போகும். சிறுநீரகமும் அடிவாங்கும்.

அந்தப் படங்களை விரும்புங்கள், தம்பி. கூடவே அந்த உடம்பு எப்படி உருவாகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2011-ல் வந்த முதல் கேப்டன் அமெரிக்கா படத்தில் நோஞ்சான் இளைஞன் ஒரே நிமிடத்தில் மலை போல ஆகிறான். நடிகர் கிறிஸ் எவன்ஸின் உண்மையான உடம்பு அந்தப் பெரிய உடம்புதான். நோஞ்சானைத்தான் கம்ப்யூட்டரில் இளைக்க வைத்துச் செய்தார்கள். நீங்கள் பார்த்து ஏங்குகிற அந்த மாற்றம் எந்த மனிதனுக்கும் நடக்கவில்லை. பாகிஸ்தானில் பிறந்து அமெரிக்காவில் நடிக்கும் குமைல் நஞ்சியானி, 2021-ல் வந்த எடர்னல்ஸ் படத்துக்காக உடம்பை ஏற்றினார். ஒரு முழு வருடம், பெரிய ஸ்டுடியோ சம்பளம் கொடுத்த பயிற்சியாளர்களும் உணவு நிபுணர்களும் இல்லாமல் இது நடந்திருக்காது என்று அவரே வெளிப்படையாக எழுதினார். ஒரு வருடம், அதுவும் அதுவே முழுநேர வேலையாக. உங்களுக்கு இருப்பதோ மூன்று மாதம், அதிலும் ஷிப்ட் வேலை, பஸ் பயணம் போக மிச்சமிருக்கிற நேரம். கேமரா ஓடுவதற்குச் சற்று முன்னால் தண்டால் எடுத்துத் தசையில் ரத்தம் ஏற்றுவது, பக்கவாட்டு வெளிச்சம், உடைக்குள் வைத்துத் தைத்த பஞ்சுத் தசை எல்லாம் இதற்கு மேல் சேர்பவை.

உங்கள் உடல் நிறை குறியீடு 20.6. இது ஒல்லியும் இல்லை, நோயும் இல்லை. முறையாகச் செய்தால் மூன்று மாதத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோ தசை ஏறலாம். தோளும் முதுகும் நிமிர்ந்து, சட்டை தோளில் நன்றாக உட்காரும். கல்யாணத்தில் பார்ப்பவர்கள் கவனிக்கிற அளவுக்கு அது போதும். ஒரு வருடம் விடாமல் போனால் நாலைந்து கிலோவோ அதற்கு மேலும்கூடவோ எதிர்பார்க்கலாம். நோயற்ற 26 வயதுக்காரரின் உடம்பு பயிற்சிக்கு மிக நன்றாகப் பதில் சொல்லும். உங்கள் வயதின் பலம் அது. அந்தப் பலத்தை ஊசியால் அழிக்கக் கூடாது.

‘கோர்ஸ்’ என்று ஜிம்களில் சொல்வது பெரும்பாலும் டெஸ்டோஸ்டீரோன், நாண்ட்ரோலோன் வகை ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகள் இவை. தசையை ஏற்றும், அதில் சந்தேகமில்லை. அதனால்தான் ஆசையைத் தூண்டுகிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை, ‘இனி விரைக்கு வேலை இல்லை’ என்று தன் கட்டளையை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு எண்ணிக்கை விழும். ஊசியை நிறுத்திய பிறகு சொந்த உற்பத்தி திரும்ப மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு வருடத்தைத் தாண்டும், சிலருக்கு முழுமையாகத் திரும்புவதே இல்லை. அந்த இடைவெளியில் சோர்வு, ஆசையின்மை, மனச்சோர்வு எல்லாம் வரும். ஏறிய தசையில் பெரும்பகுதி இறங்கும். அதைப் பார்த்துப் பயந்து அடுத்த கோர்ஸ் போடுகிறார்கள். பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். மார்பில் பெண்களுக்குப் போல முலைத் திசு வளர்ந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை ஒன்றே வழி. நல்ல கொழுப்பு குறையும், ரத்தம் தடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயத் தசை தடிக்கும். மாத்திரை வகை கல்லீரலைக் கெடுக்கும். ஜிம்மில் ஒரே பாட்டிலிலிருந்து பலருக்குப் போட்டால் ஹெபடைட்டிஸ் பி, சி தொற்றும் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டியும் வரக்கூடும்.

மாஸ்டருக்கு முன்பணம் கொடுத்திருந்தாலும் விட்டுவிடுங்கள். ஒருவேளை கடிதம் எழுதிய பிறகு ஊசி போட்டிருந்தால், மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டு வாங்க நேர்ந்தாலும் பரவாயில்லை. ரத்த அணு எண்ணிக்கை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனை, டெஸ்டோஸ்டீரோன், விரைக்கு மூளை அனுப்பும் கட்டளை ஹார்மோனான எல்.எச். ஆகியவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மாஸ் கெய்னர் டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 100 கிராமில் புரதம் 15–20 கிராம்தான் இருக்கும். மீதியில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச் சர்க்கரை. களியை நிறுத்திவிட்டு அதைவிட மோசமான மாவைப் பல மடங்கு விலை கொடுத்துக் குடிக்கச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு புரதம் 7 கிராம் அளவுக்குத்தான் இருந்தாலும், கால்சியம் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஃப்ளோரைடு ஊரில் வளர்ந்த எலும்புக்குக் கால்சியம் மிக அவசியம். ஆகவே களி தட்டிலேயே இருக்கட்டும். களிக்குத் தொட்டுக்கொள்வதைக் கனமாக்குங்கள்.

எடைப் பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.4 முதல் 1.6 கிராம் புரதம் போதும். உங்களுக்கு அது நாளொன்றுக்கு 85 முதல் 98 கிராம். வீட்டுச் சாப்பாட்டிலேயே இது கிடைக்கும். முட்டை மூன்று, மஞ்சள் கருவோடு, 18 கிராம். கேழ்வரகு மாவு 150 கிராமில் கிண்டிய களி 10. இரண்டு வேளைச் சோறு, அரிசியாக 200 கிராம், 15. கொள்ளு 50 கிராம் கடைந்தால் 11. வறுத்த நிலக்கடலை 40 கிராம் 10. பாலும் தயிருமாக அரை லிட்டர் 16. கோழிக்கறி எலும்பில்லாமல் 100 கிராம் 20; கறி இல்லாத நாளில் மீல் மேக்கர் 40 கிராம் அதே 20 கொடுத்துவிடும். கூட்டினால் 100 வரும். கொள்ளு, கடலை, சோறு, களி என்று கலந்து சாப்பிடும்போது ஒன்றில் குறைகிற அமினோ அமிலத்தை இன்னொன்று ஈடுகட்டும். கொள்ளை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஒரு நாள் முளைகட்டி, நன்றாக வேகவைத்தால் வயிறு உப்புவது குறையும். கூடவே ஒரு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்டதும் டீ குடிப்பது அதைக் கெடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

இது மட்டும் போதாது, மொத்தச் சாப்பாடும் கொஞ்சம் கூட வேண்டும். உங்கள் வேலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,500 கலோரி செலவாகும்; 2,800 சாப்பிட்டால் எடை மெதுவாக ஏறும். கணக்குப் பார்க்க முடியாவிட்டால் இப்போது சாப்பிடுவதோடு ஒரு பிடி கடலை, இரண்டு வாழைப்பழம் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மாதம் ஒரு கிலோ ஏறினால் சரி. இரண்டுக்கு மேல் ஏறினால் அது தொப்பைக்குப் போகிறது. நைட் ஷிப்டில் பசி எடுக்காமல் புரதம் விடுபட்டால் மட்டும் பாலிலிருந்து எடுக்கும் சாதாரண வே புரோட்டீன் பவுடர் ஒரு கரண்டி எடுக்கலாம். டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமத்துக்கான 14 இலக்க எண் இருக்கிறதா, மூடியின் உறை பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி பயிற்சி. மருத்துவரிடம் காட்டும்வரை, தரையிலிருந்து கம்பியைத் தூக்கும் டெட்லிஃப்ட், தோளில் கம்பி வைத்த ஸ்குவாட் இரண்டும் வேண்டாம். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஜிம்முக்குப் போகும் பழக்கம் இருந்தால் அதை இன்றே மாற்றுங்கள். ஒன்றரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்த பிறகு முதுகின் தசைநார்கள் இளகிப்போய் இருக்கும். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் வட்டுகளைத் தாங்கிப் பிடிக்கும் பலம் சற்றுநேரம் குறைவு. அப்போது எடையை எடுத்தால்தான் ‘சடக்’ என்று பிடித்துக்கொள்கிறது. இருபது நிமிடமாவது நடந்துவிட்டுத் தொடங்குங்கள். அதேபோல, தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து குடம் தூக்குவது, கால் விரலைத் தொடுவது வேண்டாம். இரவில் வட்டு நீர் உறிஞ்சி உப்பியிருக்கும், வளைத்தால் அதன்மேல் விழும் சுமை கூடுதல்.

தினமும் எந்த ஷிப்டாக இருந்தாலும் பத்து நிமிடம் வீட்டிலேயே மூன்று பயிற்சி செய்யுங்கள். மண்டியிட்டுக் கையூன்றி, வலது கையையும் இடது காலையும் முதுகுக்கு நேராக நீட்டிப் பத்து விநாடி, பிறகு மாற்றி. பக்கவாட்டில் முழங்கை ஊன்றி, முழங்காலை மடித்து, இடுப்பைத் தூக்கிப் பத்து விநாடி. மல்லாந்து படுத்து ஒரு காலை மட்டும் மடித்து, இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பு வளைவுக்கு அடியில் வைத்துத் தலையையும் தோளையும் ஓர் அங்குலம் மட்டும் தூக்கிப் பத்து விநாடி. ஒவ்வொன்றும் ஆறு தடவை, பிறகு நாலு, பிறகு இரண்டு. வலித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஜிம்முக்கு வாரம் மூன்று நாள், ஐம்பது நிமிடம் போதும். ஆறு வாரத்துக்கு: டம்பெல்லை நெஞ்சோடு பிடித்த ஸ்குவாட், தண்டால் அல்லது பெஞ்ச் பிரஸ், நெஞ்சைப் பலகையில் சாய்த்து இழுக்கும் டம்பெல் ரோ, மேலேயிருக்கும் கம்பியை நெஞ்சுக்கு இழுக்கும் லாட் புல்டவுன், இரண்டு கையிலும் எடை பிடித்து நாற்பது அடி நிமிர்ந்து நடப்பது. ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை. ‘இன்னும் இரண்டு முடியும்’ என்ற இடத்தில் நிறுத்துவதுதான் முறை. மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்துவிட்டால் அடுத்த முறை இரண்டரை கிலோ கூட்டுங்கள். கைத்தசைக்குத் தனியாக வேண்டுமென்றால் கடைசியில் இரண்டு செட். அசல் தோற்றம் தருவது மேல் முதுகும் தோளும்தான். புதியவர்கள் எல்லாரும் கண்ணாடியில் தெரியும் நெஞ்சையும் கையையும் மட்டும் உழைத்து, தோள் முன்னால் கூனி நிற்கிறார்கள். எப்போதாவது கடுமையான பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கித் தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால், அது தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைப்பதன் அடையாளம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தசை வளர்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஷிப்ட் மாறும் உங்களுக்குத் தடையும் அங்கேதான். முதல் ஷிப்ட் வாரத்தில் மாலை ஐந்து மணிக்கு ஜிம், ஒன்பதுக்குள் படுக்கை. இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் காலை பத்து மணிக்கு ஜிம். நைட் ஷிப்ட் வாரத்தில் காலையில் வந்ததும் ஜிம் வேண்டாம். பஸ்ஸில் வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டு வெயிலை மறைத்து, வந்ததும் லேசாகச் சாப்பிட்டு, சன்னலுக்குக் கெட்டித் துணி போட்டு, செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். எழுந்து சாப்பிட்டு மாலை நாலு மணிக்குப் பயிற்சி. அந்த வாரம் இரண்டு நாள் மட்டும், எடையும் கூட்டாமல். கிளம்புவதற்கு முன் இருபது நிமிடக் குட்டித் தூக்கம் கிடைத்தால் மிக நல்லது. நள்ளிரவு ஒரு மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். அது காலைத் தூக்கத்தைத் தின்றுவிடும்.

‘என் உடம்பு எனக்கே சின்னதாகத் தெரிகிறது’ என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சொல்ல உங்களுக்குத் தைரியம் வேண்டியிருந்திருக்கும். படம் பார்த்த இரண்டு நாள் அப்படித் தோன்றுவது பலருக்கும் உண்டு. ஆனால் ஒரு நாளில் பல தடவை கண்ணாடியில் சரிபார்ப்பது, சட்டையைக் கழற்ற வேண்டுமே என்று ஆற்றுக்குக் குளிக்கப் போகாமல் இருப்பது, ஜிம் தவறினால் எரிச்சலில் வீட்டில் சண்டை போடுவது என்று போனால், அது மனம் சார்ந்த ஒரு பிரச்சினை. அதற்கும் சிகிச்சை உண்டு. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணான டெலி மனஸில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஒகேனக்கல் போய் வாருங்கள். நைட் ஷிப்ட் முடிந்த காலையில் மட்டும் வண்டியை எடுக்காதீர்கள்; ஒரு முழு இரவு தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். கனமான பையைத் தோளில் மாட்டாமல் பின் இருக்கையில் கட்டுங்கள், முக்கால் மணிக்கு ஒரு முறை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். பென்னாகரம் தாண்டி வரும் காட்டுப் பாதையில் யானை நடமாட்டம் உண்டு, இருட்டுவதற்குள் கடந்துவிடுங்கள். அங்கே எண்ணெய் மசாஜ் செய்பவர்களிடம் உட்காரும்போது கை, கால், தோள் வரை தேய்க்கச் சொல்லுங்கள். உங்கள் முதுகு வலிக்குக் காரணம் தெரியும்வரை யாரையும் முதுகில் ஏறி மிதிக்கவோ, கழுத்தையும் இடுப்பையும் திருப்பிச் சொடுக்கு எடுக்கவோ விட வேண்டாம். வாத அழற்சி இருந்து அப்படித் திருப்பினால் எலும்பே முறியக்கூடும்.